என்ன வேண்டும்?

கூரியர் கொண்டுவந்த இளைஞர் வாசலில் நின்றபடியே தொலைபேசியில் அழைத்தார். "அம்மா, தூங்கிக்கொண்டிருந்தீர்களா? எழுப்பிவிட்டேனா?" என்று கேட்டார். மணி காலை பதினொன்று. ஐந்து மணிக்கே எழுந்து, குளித்து, செய்தித்தாளை இரங்கல் விளம்பரம் வரை படித்து முடித்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். ஆனால் நான் "ஹலோ" என்றபோது தொண்டையிலிருந்து வெளிவந்தது கரகரப்பும் காற்றும்தான். கையெழுத்துப் போட்டுக் கதவைச் சாத்திய பிறகு யோசித்துப் பார்த்தேன். கடைசியாக நான் பேசியது முந்தைய நாள் நண்பகலில், எதிர்வீட்டுப் பெண்ணிடம் ஒரே ஒரு வாக்கியம். அதன்பின் இருபத்து மூன்று மணி நேரம் என் குரலுக்கு வேலை இருக்கவில்லை. முப்பத்து நான்கு ஆண்டுகள் கடைசி வரிசைப் பையனுக்கும் கேட்கும்படி கணக்குச் சொல்லிக்கொடுத்த குரல் அது.

இது நடந்தது 2021இல். என் கணவர் 2019இல் இறந்தார். மறு ஆண்டு உலகமே கதவைச் சாத்திக்கொண்டது. அந்த ஆண்டில் எனக்கு ஓர் அற்ப ஆறுதல் இருந்ததை ஒப்புக்கொள்கிறேன்: என்னைப் போலவே எல்லோரும் அடைந்து கிடந்தார்கள். மற்றவர்கள் திறந்துகொண்டு வெளியே போன பிறகுதான் நான் மட்டும் உள்ளேயே இருப்பது தெரிந்தது.

பேச்சுத்துணை என்று நம் மொழியில் ஒரு சொல் இருக்கிறது. வழித்துணை என்றால் போகுமிடம் வந்ததும் வேலை முடிந்துவிடும். பேச்சுத்துணைக்கு அப்படி எல்லை கிடையாது. அந்த ஆளிடம் முக்கியமான செய்தி எதையும் சொல்ல வேண்டியதுமில்லை. "கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டேன்" என்றால் "தலையில் பார்" என்று பதில் வர வேண்டும், அவ்வளவுதான். கணவர் போனபோது எனக்கு ஆறுதல் சொல்ல நிறையப் பேர் வந்தார்கள். கண்ணாடி தலையில் இருக்கிறது என்று சொல்லத்தான் ஆள் இல்லாமல் போனது.

அந்த ஆண்டுப் பரிசோதனைக்குப் போனபோது மருத்துவர் இரத்த அழுத்தம் பார்த்துவிட்டு மூன்று கேள்விகள் கேட்டார். கூட ஒருவர் இல்லையே என்று எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது? ஒதுக்கப்பட்டதாக? மற்றவர்களிடமிருந்து விலகிப்போனதாக? அரிதாக, சில சமயம், அடிக்கடி என்று மூன்றில் ஒரு பதில் சொல்லலாம். குறைந்த மதிப்பெண் 3, அதிகம் 9. நான் மூன்றுக்கும் "சில சமயம்" என்று பொய் சொல்லி 6 வாங்கினேன். வாழ்நாள் முழுவதும் மதிப்பெண் போட்டவளுக்கு நடுவில் நிற்பது பாதுகாப்பு என்று தெரியாதா?

பிறகு தேடிப் படித்தேன். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் 1978இல் உருவான இருபது கேள்விகளின் சுருக்கம் அது. 2004இல் மூன்றாகக் குறைத்திருக்கிறார்கள். இந்த மூன்றிலும் தனிமை என்ற சொல்லே இல்லாததைக் கவனித்தேன். நேரடியாகக் கேட்டால் மனிதர்கள் மறைப்பார்கள் என்று தெரிந்தவர்கள் வடித்த கேள்விகள். மறைமுகமாகக் கேட்டும் நான் மறைத்தேன் என்பது வேறு.

"வெளியே போங்கள், நாலு பேரோடு பழகுங்கள்" என்றார்கள். எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள், தவறில்லை. நானும் ஒரு நடைக்குழுவில் சேர்ந்தேன். நூலகத்தில் மாதம் ஒரு முறை கூடுகிற வாசகர் கூட்டத்துக்கும் போனேன். நல்ல மனிதர்கள். சிரித்துப் பேசிவிட்டு வீடு திரும்பிப் பூட்டில் சாவியைத் திருப்பும் அந்த ஒரு நொடியில் அத்தனையும் வடிந்துவிடும். எனக்கு நன்றி உணர்வு போதவில்லையோ என்று என்னையே கடிந்துகொண்டேன். ராபர்ட் வைஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இலேயே இதற்கு விடை எழுதிவைத்திருந்தார். தனிமை இரண்டு வகை என்கிறார் அவர். சுற்றம், நட்பு, கூட்டம் இல்லாததால் வருவது ஒன்று. மனத்துக்கு மிக நெருங்கிய ஒருவர் இல்லாததால் வருவது இன்னொன்று. முதல் வகைக்கான மருந்து இரண்டாவது வகைக்குக் கேட்காது. ஐம்பது பேர் உள்ள குழுவில் சேர்ந்தாலும் அந்த ஒருவர் இல்லாத இடம் அப்படியேதான் இருக்கும். படித்த அன்று எனக்குப் பாதி பாரம் இறங்கியது. நான் நன்றி கெட்டவள் இல்லை, மருந்துதான் மாறியிருந்தது.

மீதிப் பாதியை இறக்கியவர் சிகாகோப் பல்கலைக்கழகத்தின் ஜான் கசியோப்போ. 2018இல் மறைந்த இந்த உளவியலாளர் தனிமை உணர்வைப் பசி, தாகத்தோடு சேர்த்து வைத்தார். உடலுக்கு உணவு வேண்டும் என்று பசி சொல்வதுபோல, உனக்கு மனிதர் வேண்டும் என்று இது சொல்கிறது என்பது அவர் கருத்து. பசிப்பதற்கு யாரும் வெட்கப்படுவதில்லை. ஆனால் அவர் சொன்ன இன்னொன்றுதான் என்னைச் சுட்டது. இந்தப் பசி நீண்ட காலம் நீடித்தால், எதிரே வருபவர் உணவு தரத்தான் வருகிறார் என்றே நம்ப முடியாமல் போகும். யார் முகத்தைப் பார்த்தாலும் புறக்கணிப்பின் அறிகுறியைத் தேடும் விழிப்பு வந்துவிடும். அவருடைய குழுவினர் 2011இல் தனிமையைக் குறைப்பதற்கான பல வகை முயற்சிகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஆட்களைச் சந்திக்க வாய்ப்பு ஏற்படுத்திக் கொடுப்பதைவிட இந்தத் தப்பர்த்தப் பழக்கத்தைச் சரிசெய்வதே கூடுதல் பலன் தந்தது என்று கண்டார்கள்.

என் தப்பர்த்தப் பழக்கத்துக்கு எழுத்துச் சான்றே இருந்தது. மகள் எந்த நாளில் அழைத்தாள், எத்தனை நிமிடம் பேசினாள், யார் முதலில் "சரி, வைக்கட்டுமா" என்றார்கள் என்று நாட்காட்டியில் பென்சிலால் குறித்துவந்தேன். கணக்கு ஆசிரியை அல்லவா. அவள் அழைக்கும்போது என் குரலில் அந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். அழைப்புகள் குறைந்தன. குறைந்ததையும் குறித்துக்கொண்டேன்.

*

இந்தக் கட்டுரையைப் பழைய காதல் ஒன்று திரும்பி வந்த கதையாகத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் எனக்குள் மறுபடி மூண்டது முதலில் என் கணவர் மீதுதான். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வது நேர்மையாக இருக்காது.

1980இல் எங்களுக்குத் திருமணம் ஆனது. கெட்ட மணவாழ்க்கை என்று சொல்ல ஒன்றும் இல்லை. நடுவில் ஓர் இருபது ஆண்டுகள் நாங்கள் ஒரு சிறு அலுவலகத்தை நடத்துகிற இரண்டு குமாஸ்தாக்களைப்போல இருந்தோம். கட்டணங்கள், பிள்ளைகளின் படிப்பு, யார் எப்போது வருவது. ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசிய நேரத்தைவிடப் பட்டியலைப் பார்த்துப் பேசிய நேரம் அதிகம். வீட்டில் நான்கு பேர் இருந்த அந்த ஆண்டுகளில்தான் நான் ஆகத் தனியாக இருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. அந்த வகைத் தனிமைக்கு இரங்கல் சொல்ல யாரும் வருவதில்லை.

அவர் நோயில் படுத்த பிறகு பட்டியலில் எழுத ஒன்றும் இல்லாமல் போனது. இரவில் மருந்து கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். அவர் சிறுவயதில் பார்த்த ஒரு வெள்ளத்தைப் பற்றி ஒருநாள் சொன்னார். முப்பத்தேழு ஆண்டுகளில் நான் அதைக் கேட்டதே இல்லை. மறுநாள் இரவு எப்போது வரும் என்று பகலெல்லாம் காத்திருந்தேன். அறுபது வயதில், சொந்தக் கணவரின் அறைக்குள் நுழையுமுன் கண்ணாடியில் தலையைச் சரிசெய்துகொண்டேன். நீண்ட காலம் சேர்ந்து வாழ்ந்தும் துணையின் மீது இன்னும் ஆழ்ந்த காதல் இருப்பதாகச் சொன்ன 17 பேரின் மூளையை ஆராய்ச்சியாளர்கள் படம்பிடித்த ஆய்வு 2011இல் வெளியானது. சராசரியாக 21 ஆண்டுகள் மணமானவர்கள். புதிதாகக் காதல் வயப்பட்டவர்களின் மூளையில் எந்தப் பகுதி கிளர்ந்தெழுமோ அதே பகுதி, துணையின் படத்தைப் பார்த்ததும் அவர்களிடமும் கிளர்ந்தது. 17 பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஆனால் எனக்கு அந்தப் படம் தேவைப்படவில்லை. தலையைச் சரிசெய்த கை போதும்.

எங்களுக்குக் கிடைத்தது இரண்டு ஆண்டு. அந்த இரண்டு ஆண்டு கிடைக்காமலிருந்தால் அவர் இறந்தபோது எனக்கு இவ்வளவு வலித்திருக்காது என்று சில இரவுகளில் கணக்குப் போட்டதுண்டு. மோசமான கணக்கு.

*

2022இல் ஒரு மாலை, அறியாத எண்ணிலிருந்து அழைப்பு. "நீங்கள்... நீங்கள் கணக்கு டீச்சர்தானே?" என்றது ஓர் ஆண் குரல். பெயரைச் சொன்னார். நான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன்.

அவரை 1978இல் எனக்குத் தெரியும். கல்லூரி. எனக்கு இருபத்தொரு வயது. அந்தக் கதையில் விரித்துச் சொல்ல அதிகம் இல்லை. இரண்டு வீட்டிலும் ஒப்புக்கொள்ளவில்லை. எதிர்த்து நிற்கும் துணிவு எங்களில் ஒருவருக்கு இருந்தது, அது நான் அல்ல. என் கணவர் இறந்த செய்தி மூன்று ஆண்டு தாமதமாகத்தான் தெரிந்தது என்றும், துக்கம் விசாரிக்க அழைத்ததாகவும் சொன்னார். தன் மனைவி முந்தைய ஆண்டு இறந்ததைக் கடைசியில், வேறு ஏதோ சொல்வதுபோலச் சொன்னார். "கொஞ்சம் உரக்கப் பேசுங்கள், காது மந்தம்" என்றார்.

இந்தக் காது மந்தத்துக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். வாரம் இரண்டு முறை அவர் அழைப்பார். நான் வகுப்பறைக் குரலில் பதில் சொல்வேன். எதிர்வீட்டுப் பெண் ஒருநாள் "யாரோடு சண்டை?" என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். மூன்றாவது மாதத்தில் என் தொண்டைக் கரகரப்பு போயிருந்தது.

கல்லூரியில் இருவரும் "நீ" என்றுதான் பேசிக்கொண்டோம். அப்போது அது சற்றுத் துணிச்சல். இப்போது தொலைபேசியில் இரண்டு பக்கமும் "நீங்கள்", ஏதோ வங்கியிலிருந்து பேசுவதுபோல. அவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்து ஓய்வுபெற்றவர், சொற்களில் கவனமானவர். ஆனாலும் பதினொன்றாவது அழைப்பிலோ பன்னிரண்டாவதிலோ, நான் எதையோ பிடிவாதமாகச் சொன்னபோது "நீ மாறவே இல்லை" என்றுவிட்டார். அடுத்த வாக்கியத்தில் "நீங்கள்" திரும்பிவிட்டது. பிழையைத் திருத்திவிட்டார். அன்று இரவு நான் தூங்கவில்லை.

தூங்காத இரவுகளில் ஆசிரியைப் புத்தி வேலை செய்யும். எதை நினைத்து இந்தப் படபடப்பு? முதுமையில் பின்னோக்கிப் பார்ப்பவர்களுக்குத் தோராயமாகப் பத்து வயதிலிருந்து முப்பது வயது வரையிலான நினைவுகளே மிகச் செறிவாகத் திரண்டிருக்கும் என்று நினைவாற்றலை ஆராய்பவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். முதன்முதலாக நடந்தவை எல்லாம் அங்கேதான் குவிந்திருக்கின்றன. அப்படியானால் நான் ஏங்குவது இவருக்காகவா, இல்லை என் இருபத்தொரு வயதுக்காகவா? மூட்டு வலிக்காமல் படியேறிய ஒருத்தியை நான் மறுபடி பார்க்க விரும்பினால், அதற்கு இந்த மனிதரை எதற்குப் பயன்படுத்த வேண்டும்?

நான்சி கலிஷ் என்ற அமெரிக்க உளவியலாளர் இப்படித் திரும்பச் சேர்ந்தவர்களை 1993 முதல் ஆராய்ந்தார். முதல் ஆய்வில் 1,001 பேர். அவர்களில் 72 சதவீதத்தினர், பதில் எழுதிய காலத்திலும் சேர்ந்தே இருந்தார்கள். முதலில் ஏன் பிரிந்தீர்கள் என்று கேட்டதற்கு அதிகம் வந்த பதில், பெற்றோர் சம்மதிக்கவில்லை என்பது. படித்துவிட்டுச் சிரித்தேன், உலகம் முழுவதும் ஒரே வீடுதான் போலிருக்கிறது. ஆனால் அந்த 72ஐ நான் முழுதாக நம்பவில்லை. மீண்டும் சேர்ந்து, மீண்டும் முறிந்து, அவமானத்தோடு வீடு திரும்பியவர் வினாத்தாளை நிரப்பித் தபாலில் சேர்க்க மெனக்கெட்டிருப்பாரா? கலிஷே பின்னாட்களில் ஒன்றை எச்சரித்துக்கொண்டிருந்தார்: மணவாழ்க்கையில் இருப்பவர்கள் "சும்மா எப்படி இருக்கிறார் என்று பார்க்கலாமே" என்று பழைய காதலைத் தேட வேண்டாம், அது சும்மா இருக்காது. எங்கள் இருவருக்கும் அந்தத் தடை இல்லை. அதனால் எளிதாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். உயிரோடு இருக்கும் துணையோடு சண்டையாவது போடலாம்.

*

இரண்டு மணி நேர ரயில் தூரத்தில் இருந்தார். ஓராண்டுக்குப் பிறகுதான் சந்தித்தோம். நடைமேடையில் என்னைக் கடந்து போய்விட்டார். நானும் அவரை விட்டுவிட்டேன்; இருவரும் வேறு யாரையோ தேடிக்கொண்டிருந்தோம். கடைசியில் தொலைபேசியில் "எங்கே இருக்கிறீர்கள்?" என்று நான் கத்தியது அவருக்குத் தொலைபேசி இல்லாமலே கேட்டது.

நான் கேட்க நினைத்த கேள்வியை மூன்றாவது சந்திப்பில்தான் கேட்டேன். மனைவியை இழந்த ஆண்கள் சீக்கிரம் துணை தேடுகிறார்கள் என்பது பொதுப் பேச்சு. டெபொரா கார் என்ற சமூகவியலாளர் 2004இல் அதைச் சற்று உரித்துப் பார்த்தார். நண்பர்களின் ஆதரவு நிறைய உள்ள ஆண்கள், புதிய துணையை நாடுவதில் பெண்களைவிட ஒன்றும் முந்தவில்லை என்று கண்டார். அதாவது பலருக்கு மனைவிதான் ஒரே நண்பர். இவருக்கு நண்பர்கள் குறைவு என்று எனக்குத் தெரியும். ஆகவே கேட்டேன்: "உனக்கு நான் வேண்டுமா, இல்லை ஓர் ஆள் வேண்டுமா?"

"நீ" என்று நான் சொன்னதை முதலில் கவனித்தார். பிறகு வெகுநேரம் யோசித்தார். "முதல் ஆறு மாதம் யார் வந்திருந்தாலும் போதும் என்றுதான் இருந்தேன். கதவைத் தட்டி முகவரி கேட்டவரைக்கூட உட்காரச் சொன்னேன். இப்போது யார் வந்தாலும் எப்போது போவார்கள் என்று இருக்கிறது. நீ வந்தால் அப்படி இல்லை" என்றார்.

இதைவிட நல்ல பதிலை நான் எதிர்பார்க்கவில்லை, இன்றுவரை கேட்டதுமில்லை. உருகி ஏதாவது சொல்லியிருந்தால் அடுத்த ரயிலைப் பிடித்திருப்பேன்.

அந்த ஆறு மாதம் என்ற கணக்கு எனக்குத் திடுக்கிட்டது. 1969இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வு உண்டு. மனைவியை இழந்த, 55 வயதுக்கு மேற்பட்ட 4,486 ஆண்களை ஒன்பது ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். முதல் ஆறு மாதத்தில் அவர்கள் இறக்கும் விகிதம், அதே வயதுள்ள மணமான ஆண்களைவிட 40 சதவீதம் அதிகம். பிறகு படிப்படியாகக் குறைந்துவிட்டது. இதை அவரிடம் சொன்னேன். "ஏழாவது மாதம் எனக்கே ஏதோ தேர்வில் தேறியதுபோலத்தான் இருந்தது" என்றார். அந்த மாதங்களில் உறங்கப் போகும்போது எழுந்திருக்க வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் படுத்ததாகவும் சொன்னார். அதை அவர் வேறு யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

உடலைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த வயதுக் காதல் என்றாலே கைகோர்த்துச் சூரிய அஸ்தமனம் பார்ப்பது என்று முடித்துவிடுகிறார்கள். 2007இல் அமெரிக்காவில் 57 முதல் 85 வயது வரையுள்ள 3,005 பேரிடம் நேரில் போய்க் கேட்டார்கள். 75க்கு மேற்பட்டவர்களிலும் 26 சதவீதத்தினர் முந்தைய ஓராண்டில் உடலுறவு உண்டு என்றார்கள். இளையவர்கள் முகம் சுளிக்கலாம். அவர்களும் ஒருநாள் 75ஐத் தொடுவார்கள். எங்களைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. மூன்றாண்டுகளாக மருத்துவரைத் தவிர யாரும் தொட்டிராத கையை ஒருவர் எடுத்துத் தன் கையில் வைத்துக்கொள்ளும்போது, தோல் அதைப் புரிந்துகொள்ளச் சில நொடிகள் பிடிக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

*

பிள்ளைகளிடம் சொன்னேன். மகன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் ஒன்றும் சொல்லாமலிருப்பதில் பல வகை உண்டு, இது வீட்டுப் பத்திரத்தை நினைக்கும் வகை. மகள்தான் கேட்டாள்: "அம்மா, நீ அப்பாவை மறந்துவிட்டாயா?"

அந்த இரண்டு ஆண்டு இரவுகளைப் பற்றி அவளுக்குத் தெரியாது. நான் தலையைச் சரிசெய்துகொண்டது தெரியாது. மறந்திருந்தால் எனக்கு இன்னொருவரிடம் பேச என்ன இருக்கப்போகிறது? எங்கள் உரையாடலில் பாதி இறந்துபோன அந்த இருவரைப் பற்றியதுதான். அவர் மனைவிக்கு இடி என்றால் பயம், என் கணவர் குறட்டைக்குப் பெயர்போனவர். நாங்கள் நால்வராகத்தான் பழகுகிறோம். இதையெல்லாம் மகளிடம் சொல்லத் தெரியவில்லை. "இல்லை" என்று மட்டும் சொன்னேன். அந்தத் தொலைபேசி உரையாடலை நான் நாட்காட்டியில் குறிக்கவில்லை. பிறகு எதையுமே குறிக்கவில்லை.

பேத்திக்குப் பதினேழு வயது. அவள் மட்டும் விவரம் கேட்டாள்: "யார் முதலில் சொன்னது பாட்டி? அவர் குறுஞ்செய்திக்கு உடனே பதில் போடுவாரா?" உடனே போடுவார், எழுத்துப்பிழை இல்லாமல் போடுவார் என்றேன். "அதிர்ஷ்டக்காரி" என்று பெருமூச்சு விட்டாள். உலகில் ஆறில் ஒருவர் தனிமையால் வாடுகிறார் என்று உலக சுகாதார நிறுவனத்தின் குழு 2025இல் அறிக்கை கொடுத்தது. அதில் பதின்வயதினர் நிலைதான் மோசம். அவளுடைய பெருமூச்சு அதன்பின் என்னை விடவில்லை. இப்போதெல்லாம் அவளை நான் அழைக்கிறேன்.

சேர்ந்து வாழப்போகிறீர்களா, திருமணமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டும் இல்லை. அவர் வீடு அவருக்கு, என் வீடு எனக்கு. மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் அங்கோ இங்கோ. இப்படி வாழ்பவர்களை ஸ்வீடனில் "சேர்பு" என்று அழைக்கிறார்கள். நம் காதில் "சேர்" என்று விழுகிறது. அவர்கள் மொழியில் அந்த முற்பாதிக்குப் பொருள் "பிரிந்து". பிரிந்து வாழ்பவர், ஆனால் இணை. டச்சுக்காரர்களிடையே இதற்கான பெயரைப் பரப்பிய பத்திரிகைக் கட்டுரை வெளியான ஆண்டு 1978. நாங்கள் பிரிந்த அதே ஆண்டு. அப்போது யாராவது வந்து சொல்லியிருக்கலாம்.

காரணம் கேட்டால் நான் மழுப்புவதில்லை. மீண்டும் ஒருவருக்கு மருந்து அட்டவணை எழுதி ஒட்ட எனக்கு அச்சமாக இருக்கிறது. ஸ்வீடனின் முதிய இணைகளைப் பற்றிய ஆய்வுகளிலும் தனி வீட்டை வலியுறுத்துபவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான்; ஒருவரை நேசிப்பதும் அவர் வீட்டுப் பொறுப்பையும் நோய்ப் பொறுப்பையும் முழுநேரமாக ஏற்பதும் ஒன்றல்ல என்று அவர்களுக்கு வாழ்ந்த அனுபவம் சொல்கிறது. அவருக்கு இதைச் சொன்னபோது முகம் வாடியது. இரண்டு நாள் அழைக்கவில்லை. மூன்றாம் நாள் அழைத்து, "நோய் வந்தால் பார்க்க வருவாய் அல்லவா?" என்றார். "வருவேன். வந்தால் போகவும் செய்வேன்" என்றேன். இருவரும் உயிலை எழுதி அவரவர் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டிவிட்டோம். மகனின் மௌனம் அன்றோடு வேறு வகைக்கு மாறியது. இப்போது அவரைப் பற்றி விசாரிக்கிறான், பெரும்பாலும் காதுக்கருவியைப் பற்றி.

இந்த ஏற்பாட்டில் ஓட்டை இல்லாமல் இல்லை. இரவில் அவர் விழுந்தால் எனக்கு யார் சொல்வார்கள்? எந்தப் படிவத்திலும் என் பெயர் இல்லை. நெருங்கிய உறவினர் என்ற கட்டத்தில் அவருடைய மகன் இருக்கிறான், அது சரியும்கூட. என் எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசிக்கு மேலே ஒட்டிவைத்திருக்கிறோம். எங்கள் உறவுக்கு இதுவரை கிடைத்த ஒரே ஆவணம் அந்தத் தாள்.

சென்ற மாதம் அவருக்குக் கண்புரை அறுவை. மகன் வெளியூரில் மாட்டிக்கொண்டதால் நான் கூடப் போனேன். காதுக்கருவியைக் கழற்றி என் கைப்பையில் போட்டாயிற்று. பதிவு மேசையில் இருந்த பெண் என்னைக் காட்டி அவரிடம் கேட்டார்: "ஐயா, இவர் உங்களுக்கு என்ன வேண்டும்?"

நான் வாயைத் திறந்தேன். தோழி, சிநேகிதி, கல்லூரித் தோழி என்று வரிசையாக வந்தன, ஒன்றும் வெளியே வரவில்லை. கேள்வியின் கடைசி இரண்டு சொற்கள் மட்டும் காதில் விழுந்த அவர், "எனக்கு ஒன்றும் வேண்டாம் அம்மா. எத்தனை மணிக்கு வீட்டுக்கு அனுப்புவீர்கள்?" என்றார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கணினியில் ஏதோ தட்டினார்.

மாலையில் ஒரு கண்ணில் கட்டோடு வெளியே வந்தார். காரில் ஏறியதும் கருவியைக் காதில் பொருத்திவிட்டேன். மடியிலிருந்த தாளைத் தடவிப் பார்த்தார். அச்சிட்ட தாள் கைக்கு வந்தால் படிக்காமல் விட மாட்டார்.

"அந்தக் கட்டத்தில் உன்னை என்ன போட்டிருக்கிறார்கள்?"

கண்ணாடியைத் தேடினேன். "தலையில் பார்" என்றார், ஒற்றைக் கண்ணால்.

"உடனிருப்பவர்" என்று படித்தேன்.

"ஒரே சொல்லாகச் சேர்த்துத்தானே எழுதியிருக்கிறார்கள்?"

"சேர்த்துத்தான்."

"அப்படியானால் பிழை இல்லை" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.